வீட்டோடு மாப்பிள்ளையாக ஒரு வைரஸ்

“கொரோனாவுக்கு ஒரே வருடத்தில் தடுப்பூசி வந்தது. ஹெச்ஐவிக்கு நாற்பது வருடமாகியும் ஏன் வரவில்லை? போலியோவுக்குச் செய்ததுபோல அந்த வைரஸையே பலவீனப்படுத்திக் கொடுத்தால் என்ன?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

கேட்ட மாதிரியே செய்து பார்த்திருக்கிறார்கள், குரங்குகளில். ஹெச்ஐவியின் குரங்குப் பங்காளியான எஸ்ஐவியிலிருந்து ‘நெஃப்’ என்ற மரபணுவை நீக்கிவிட்டு, ரொனால்ட் டெஸ்ரோசியர்ஸ் குழு 1992இல் மகாக் குரங்குகளுக்குக் கொடுத்தது. வளர்ந்த குரங்குகள் பின்னால் வந்த நிஜ வைரஸைத் தாங்கின. எல்லோரும் துள்ளினார்கள். 1995இல் ரூத் ரூப்ரெக்ட் இன்னும் அதிகமாக வெட்டப்பட்ட வைரஸைப் பிறந்த குட்டிகளுக்குக் கொடுத்தார். குட்டிகளுக்கு எய்ட்ஸ் வந்தது. அந்தக் கதை அங்கே முடிந்தது.

மிஞ்சிய வழிகளில் ஒன்று, ஹெச்ஐவியின் சில மரபணுக்களை மட்டும் வேறொரு சாது வைரஸிடம் கொடுத்தனுப்புவது. இதன் வரலாறு சோர்வு தருவது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடத்தில் தடுப்பூசி சோதனைக்குத் தயாராகும் என்று அமெரிக்க அமைச்சர் மார்கரெட் ஹெக்லர் 1984இல் சொன்னார். அடினோவைரஸில் ஏற்றிய மெர்க் தடுப்பூசியின் சோதனை 2007இல் நின்றது. ஏற்கெனவே அந்த அடினோவைரஸைச் சந்தித்திருந்த சில ஆண்களுக்குத் தொற்று கூடவே செய்தது. சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையத்தில் அம்மை வைரஸ் இனத்தின் பலவீன வடிவத்தை வைத்து முதல் கட்டச் சோதனை நடந்தது; பாதுகாப்பானது என்று தெரிந்தது, தடுக்குமா என்று பார்க்கும் கட்டம் வரை போகவில்லை. கேனரிப்பறவை அம்மை வைரஸை வைத்துத் தாய்லாந்தில் 2009இல் 31 சதவீதப் பலன் என்றார்கள். அதையே ஆப்பிரிக்க வகைக்கு ஏற்ப மாற்றித் தென்னாப்பிரிக்காவில் செய்தபோது பலனில்லை, 2020இல் நிறுத்தினார்கள்.

இத்தனைக்கும் நடுவில் என்னை உட்கார வைத்த ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவின் ஓரிகானில் லூயிஸ் பிக்கர் குழு எடுத்துக்கொண்டது சைட்டோமெகலோ வைரஸை. நம்மில் பெரும்பாலோர் உடம்பில் அது இப்போதே இருக்கிறது. அடினோவைரஸ் கல்யாணத்துக்கு வந்து மொய் எழுதிவிட்டுக் கிளம்பும் விருந்தாளி என்றால், இது வீட்டோடு மாப்பிள்ளை. வந்தால் போகாது. சண்டை போடாது, ஆனால் மாமனார் வீட்டார் ஆயுசுக்கும் ஒரு கண் வைத்தே இருப்பார்கள். அந்த மாப்பிள்ளை கையில் எஸ்ஐவி மரபணுப் பெட்டியைக் கொடுத்தால், பெட்டி மீதும் அந்தக் கண் விழுந்துகொண்டே இருக்கும். மாமனாரின் காவல் ஆட்களான டி செல்கள் தூங்கப் போவதே இல்லை. ஏற்கெனவே ஒரு மாப்பிள்ளை இருக்கும் வீட்டிலும் இரண்டாவது மாப்பிள்ளை நுழைந்துவிடுவார் என்பது இன்னும் வினோதம். (இதற்கு மேல் உவமையை இழுத்தால் பெண் வீட்டார் கோபிப்பார்கள்.)

பலன் வந்தது. தடுப்பூசி போட்ட குரங்குகளில் பாதிக்குச் சற்று மேல், தொற்றிய எஸ்ஐவியை அடக்கின. மாதங்கள் போகப் போக உடம்பில் தேடினாலும் வைரஸ் கிடைக்கவில்லை. மீதிக் குரங்குகளுக்குத் துளியும் பயனில்லை. நடுத்தரம் என்பதே கிடையாது.

காரணத்தைத் தோண்டியபோதுதான் வேடிக்கை தொடங்கியது. செல்லுக்குள் இருக்கும் புரதங்களின் துண்டுகளை எம்ஹெச்சி மூலக்கூறுகள் வெளிப்பரப்பில் ஏந்திக் காட்டும், அதைப் பார்த்து டி செல்கள் தாக்கும் என்பது பள்ளியில் படித்ததே. இந்தக் குரங்குகளின் கொல்லும் டி செல்கள், தாம் வழக்கமாகப் பார்க்கும் எம்ஹெச்சியைப் பார்க்கவே இல்லை. பாதுகாப்பு தந்தவை எம்ஹெச்சி-ஈ என்ற ஒன்றைப் பார்த்தன. அதன் அன்றாட வேலையே வேறு: ‘இந்தச் செல் நலம், விட்டுவிடு’ என்று என்கே எனப்படும் வேறு வகைக் காவல் செல்களுக்குத் தெரிவிப்பது. வழக்கமான எம்ஹெச்சி ஆளுக்கு ஆள் மாறும். இதுவோ மனிதர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒன்றுபோலவே இருக்கும். ஹெச்ஐவி தன்னை மறைக்க வழக்கமான எம்ஹெச்சியைப் பரப்பிலிருந்து இழுத்து இறக்கிவிடும். எம்ஹெச்சி-ஈயைப் பெரும்பாலும் தொடுவதில்லை. ஒளிந்துகொண்டவனை, அவன் மூட மறந்த இடத்தின் வழியே பார்க்கும் செல்கள் இவை.

இப்படி ஒரு பாதையை யார் திட்டமிட்டார்கள்? யாருமில்லை. பிக்கர் பயன்படுத்திய 68-1 என்ற வைரஸ் வகை 1968இல் ஒரு ரீசஸ் குரங்கின் சிறுநீரிலிருந்து பிரித்தது. ஆய்வகத்தில் வளர்த்து வளர்த்து, அங்கே தேவைப்படாத சில மரபணுக்களை அது தொலைத்துவிட்டது. தொலைந்தவற்றை மறுபடி பொருத்திப் பார்த்தார்கள். டி செல்கள் வழக்கப்படி நடந்துகொண்டன, பாதுகாப்பும் போய்விட்டது. நல்ல வைரஸ் வைத்திருந்தவர்கள் தோற்றிருப்பார்கள். பழுதான வைரஸ் ஜெயித்தது.

‘எய்ட்ஸுக்கு முற்றுப்புள்ளி’ என்று தலைப்பு போட்டவர்கள் கொஞ்சம் பொறுத்திருக்கலாம். சைட்டோமெகலோ வைரஸ் கருவிலிருக்கும் குழந்தையின் காதைக் கெடுக்கும், உறுப்பு மாற்றிக்கொண்டவர்களைப் படுத்தும். அதனால் இன்னொரு மரபணுவை நீக்கி, எச்சிலிலும் சிறுநீரிலும் வெளியேறாத அளவுக்கு அதை ஒடுக்கினார்கள். குரங்குகளில் பாதுகாப்பு அப்போதும் நீடித்தது. ஆனால் மனிதருடைய சைட்டோமெகலோ வைரஸ் வேறு. குரங்கு வைரஸில் வெட்டிய அதே இடத்தில் வெட்டினால் அதே டி செல்கள் வரும் என்று நம்ப எந்த நியாயமும் இல்லை. விர் பயோடெக்னாலஜி நிறுவனம் தயாரித்த மனித வடிவத்தின் முதல் கட்டச் சோதனை 2023இல் அமெரிக்காவிலும் தென்னாப்பிரிக்காவிலும் தொடங்கியது.

அந்தக் கட்டத்தைத் தாண்டினாலும் ஒரு முடிச்சு இருக்கிறது. இந்தத் தடுப்பூசி தொற்றைத் தடுப்பதில்லை, தொற்றிய பின் விரட்டுகிறது. குரங்குக்கு வைரஸைக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்து பார்க்க முடிந்தது. மனிதருக்கு ஹெச்ஐவி உறுதியானால் உடனே மாத்திரை தொடங்க வேண்டும். தொடங்கினால், விரட்டியது தடுப்பூசியா மாத்திரையா என்று சொல்ல வழியில்லை. குரங்குகளிலேயே பாதிக்குச் சற்று மேல்தான் பலித்த ஒன்றுக்காக மாத்திரையைத் தள்ளிப்போட எந்த நெறிமுறைக் குழு கையெழுத்துப் போடும்?