அங்கன்வாடியில் மண்ணளைவதும் படிப்பா?

கம்பத்திலிருந்து மலையேறினால் சோதனைச்சாவடி. தாண்டினால் இடுக்கி மாவட்டத்துக் கம்பம்மெட்டு. ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவரா நீங்கள்? பிள்ளையை அங்கன்வாடியில் விட்டுவிட்டு ஜீப் ஏறியிருப்பீர்கள். சாயங்காலம் வந்து பார்த்தால் நகக்கண்ணெல்லாம் மண், பையில் காய்ந்த இலை. “எழுத வைக்கவே மாட்டேங்கிறாங்க, சும்மா விளையாட விடுறாங்க” என்று மனசுக்குள் ஒரு குறை.

அது சும்மா விளையாட்டு இல்லை. அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. சத்துணவைப் போலவே முன்பருவக் கல்வியும் (3 முதல் 6 வயதுக்காரர்களுக்கு விளையாட்டு வழியே தரும் கல்வி) அதன் வேலைதான். 2020 தேசியக் கல்விக் கொள்கையும் இந்த வயதுக்கு விளையாடிக் கற்பதையே சொல்கிறது.

அப்படியென்றால் பென்சில் எப்போது பிடிக்கும்? விரல் தயாரானதும். தரையில் கிடக்கும் புளியங்கொட்டையைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பொறுக்கி, வாய் குறுகிய பாட்டிலுக்குள் போடும் நாலு வயசுப் பிள்ளையைக் கவனியுங்கள். நாக்கு வெளியே வந்திருக்கும், மூச்சுக்கூட மெதுவாகத்தான் விடும். பின்னால் பென்சில் பிடிக்கப்போவதும் அதே விரல்கள்தான். அதற்கு முன்பே எழுதச் சொன்னால் பென்சிலை உலக்கை மாதிரி பிடித்துக்கொண்டு, கை வலிக்கிறது என்று அழும்.

கணக்கு? பெரிய இலை, சின்ன இலை என்று கூறு பிரிப்பதே கணக்கின் தொடக்கம். ஏலக்காயைத் தரம் பிரிப்பதும் இதே வேலைதான். விற்கிற விலைக்கு ஏலக்காயைப் பிள்ளை கையில் கொடுக்கச் சொல்லவில்லை, கூழாங்கல் போதும்.

வீட்டில் தமிழ், அங்கன்வாடியில் மலையாளம், குழம்பாதா? வெளியில் போனால் குழப்பம் குறைகிறது. மண்ணு, கல்லு, எல, மழ, அட்ட: நாம் பேசுவதற்கும் மலையாளத்துக்கும் இந்தச் சொற்களில் பெரிய வித்தியாசம் கிடையாது. கையில் இருக்கும் கல்லுக்கு ஒரே பேர் என்றால் பிள்ளைக்குப் பாதி பயம் போய்விடும்.

இப்படி விளையாட விட்டுச் சொல்லிக்கொடுப்பது புதுசாக வந்த பழக்கமும் இல்லை. 1939இல் சென்னை அடையாறுக்கு வந்த இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி, போர்க்காலத்தில் சில ஆண்டுகள் நம் பக்கத்துக் கொடைக்கானலில் தங்கி, அங்கே பிள்ளைகளைச் செடிகொடிகளோடு பழகவிட்டுச் சொல்லிக்கொடுத்தார்.

இனி, நீங்கள் பயப்பட வேண்டியது எதற்கு? மண்ணுக்கு அல்ல, மருந்துக்கு. ஏலத்துக்கு அடிக்கடி பூச்சிமருந்து அடிக்கிறார்கள். மருந்தடிக்கும் நாளிலும், அடித்த பிறகு சில நாட்களுக்கும் பிள்ளைகளைத் தோட்ட ஓரத்துக்குக் கூட்டிப்போக வேண்டாம் என்று டீச்சரிடம் சொல்லிவையுங்கள். என்றைக்கு அடிக்கிறார்கள் என்பது உங்களுக்குத்தானே முதலில் தெரியும்? காலி மருந்து டப்பாவை விளையாடக் கொடுக்கவே கூடாது. வேலைத்துணியை மாற்றி, கைகால் கழுவிவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்கள்.

மழைக்காலத்தில் காலில் புண்ணோ கீறலோ இருந்தால் தேங்கிய தண்ணீரில் இறங்க விடாதீர்கள். எலிக்காய்ச்சல் (எலி சிறுநீர் கலந்த தண்ணீர் புண்ணில் படுவதால் வரும் காய்ச்சல்) வரலாம். அட்டை கடித்தால் பிய்த்து இழுக்காதீர்கள். அது ஒட்டியிருக்கும் இடத்தில் நகத்தை நுழைத்துத் தள்ளினால் விட்டுவிடும். பிறகு சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். சாப்பிடும் முன்பும் சோப்புப் போட்டே கை கழுவட்டும். குடற்புழுவுக்கு அரசு தரும் மாத்திரையையும் தவறவிடாதீர்கள்.

வீட்டில் மூன்று வயது நிரம்பாத தம்பி, தங்கை இருந்தால் கொட்டை, கல் எல்லாம் எட்டாத உயரத்தில் இருக்கட்டும். வாயில் போட்டால் தொண்டையில் அடைக்கும். சில பிள்ளைகள் மூக்கிலும் திணித்துக்கொள்ளும்.

சாயங்காலம் “என்ன எழுதினே?” என்று கேட்டால் “ஒண்ணுமில்லை” என்றுதான் பதில் வரும். “என்ன பொறுக்கினே?” என்று கேளுங்கள், பையைக் கவிழ்த்துக் காட்டும். சிவப்பில் கறுப்புப் பொட்டு வைத்த குண்டுமணி அதில் கிடந்தால் உடனே எடுத்துவிடுங்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். கடித்து உடைத்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. அப்படி ஏதும் நடந்தால் கைவைத்தியம் பார்க்காமல், மிச்சமிருக்கும் மணியையும் எடுத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.