நாக்பூர் வெயிலில் ஒரு சிறு குடும்பத்தின் வீட்டுக் கணக்கு

நம் சங்கத்துக் குடும்பங்களில் ஒன்றைப் பற்றிச் சில மாதங்களாகப் பேச்சு நடக்கிறது. பெயர் வேண்டாம். கணவருக்கு ஊர் ஊராகச் சுற்றும் விற்பனை வேலை. மாதத்தில் 20 நாள் வெளியூர். மனைவி பள்ளி ஆசிரியை. நான்கு வயது மகள், அப்பா வீட்டுக்கு வந்தால் யாரோ விருந்தாளி வந்ததுபோல் அம்மாவின் பின்னால் ஒளிய ஆரம்பித்தாள். அதன்பின் அவர் அந்த வேலையை விட்டுவிட்டு, ஏறக்குறையப் பாதிச் சம்பளத்தில் உள்ளூரிலேயே ஒரு வேலை தேடிக்கொண்டார். காரை விற்றார்கள். அலுவலகத்துக்கு மெட்ரோ ரயிலில் போகிறார். "பாவம், கஷ்ட ஜீவனம் போலிருக்கிறது" என்று பொங்கல் விழாவில் நம்மவர்களே அனுதாபப்பட்டார்கள். தஞ்சாவூர்ப் பக்கமிருந்து வந்த அவருடைய தகப்பனாரோ, "இதற்காகவா உன்னைப் படிக்க வைத்தேன்?" என்று கேட்டுவிட்டு இரண்டு நாள் மகனோடு பேசவில்லை.

அவர்கள் மேல் மாடி. நான் கீழ்த் தளம். ஒரு நாள் அந்தத் தம்பி வந்து, "அங்கிள், குழந்தைக்குக் குறை வைக்காமல் செலவைக் குறைக்க எங்கே கை வைக்கலாம்?" என்று கேட்டார். ரயில்வேயில் 38 வருடம் குப்பை கொட்டியவனுக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான்: முதலில் அளந்து பார்.

பிளக்கில் செருகும் சிறிய வாட் மீட்டர் கடையில் கிடைக்கிறது. வாட்டை மணி நேரத்தால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் யூனிட். கைப்பேசி சார்ஜரைப் பிடுங்கி வைப்பதில் நம் வீடுகளில் பெரிய கண்டிப்பு காட்டுகிறோம். ஆனால் கைப்பேசியை வருடம் முழுவதும் தினமும் சார்ஜ் செய்தாலும் எட்டு, ஒன்பது யூனிட்தான். ஒன்றரை டன் ஏ.சி. ஒரே இரவில் ஏறக்குறைய அவ்வளவையும் தின்றுவிடும். பழைய சீலிங் ஃபேன் 75 வாட். 14 மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். இப்போது வரும் பி.எல்.டி.சி. மோட்டார் ஃபேன் 30 வாட் அளவில் அதே காற்றைத் தருகிறது. மூன்று ஃபேன்களை மாற்றினார்கள். நாளுக்கு இரண்டு யூனிட்டுக்குச் சற்றுக் குறைவாக மிச்சம். ஆக, சூடாக்குவதும் குளிர்விப்பதும் நாள் முழுக்கச் சுழல்வதும்தான் பெரிய செலவு. மற்றவற்றுக்காகக் குழந்தையை அதட்டுவது வீண்.

சமையலறைக்கு வருவோம். நான் 1983-ல் வேலையில் சேர்ந்தபோது நீராவி எஞ்சின்கள் இருந்தன. அகலப் பாதையில் அவை 1995 டிசம்பரில்தான் விடைபெற்றன. எஞ்சின் சும்மா நிற்கும்போது ஸேப்டி வால்வு சீறினால் ஃபோர்மேனுக்குக் கோபம் வரும். நிலக்கரியைக் கொட்டி உண்டாக்கிய நீராவி ஆகாயத்துக்குப் போகிறதே என்ற கோபம். குக்கர் விசிலும் அதுதான். உள்ளே அழுத்தம் ஏறியபின் வெப்பம் 120 டிகிரி அளவில் நின்றுவிடும். தீயைப் பெரிதாக வைத்தால் விசில் கூடுமே தவிர, பருப்பு சீக்கிரம் வேகாது. அந்தப் பெண் பருப்பையும் கடலையையும் ஊறவைத்து, முதல் விசில் வந்ததும் தீயைத் தணித்து, சில நிமிடங்களில் அணைத்துவிடுகிறார். பிறகு குக்கரை வெயிட்டோடு ஒரு மரப்பெட்டியில் வைத்துப் பழைய ரஜாயால் மூடிவிடுகிறார். மீதி வேக்காடு தானாக நடக்கிறது. டிசம்பர் குளிரில் இட்லி மாவு புளிக்கவில்லை என்று புலம்பும் நம் வீட்டுப் பெண்மணிகள் கவனிக்கவும்: மாவுப் பாத்திரத்தோடு ஒரு செம்பு வெந்நீரையும் வைத்தால் அதே பெட்டியில் மாவு பொங்கிவிடுகிறது.

இனி இந்த ஊரின் உண்மையான பிரச்சினை, மே மாத வெயில். 45 டிகிரியில், அதுவும் மொட்டை மாடிக்கு நேர் கீழே, ஏ.சி. இல்லாமல் ஒரு குழந்தையும் ஒரு முதியவரும் தூங்க வேண்டும். முதல் வேலையாக மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். வெள்ளைப் பரப்பு வெயிலைத் திருப்பி அனுப்புவதால், இரவில் கூரை கக்கும் சூடு குறைந்தது. இரண்டாவது கூலர். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 2,400 கிலோ ஜூல் வெப்பம் தேவை, அதாவது ஒரு யூனிட்டில் மூன்றில் இரண்டு பங்கு. அந்த வெப்பத்தை நனைந்த பாயின் வழியாக வரும் காற்றிலிருந்தே தண்ணீர் எடுத்துக்கொள்கிறது. மின்சாரம் ஃபேனுக்கும் சின்ன பம்புக்கும் மட்டும்தான், 200 வாட்டுக்குள். பாய்க்கு வெட்டிவேர். ஏ.சி. பெட்டிகள் வருமுன் முதல் வகுப்பு ரயில் பயணிகளுக்கும் நனைத்த வெட்டிவேர்த் தட்டிகள்தான் குளிர்ச்சி தந்தன.

நம்மவர்களில் பலர் கூலரைப் போட்டுவிட்டு ஏ.சி. அறைபோல ஜன்னல்களைச் சாத்திவிடுகிறார்கள். அது தவறு. ஈரக் காற்று வெளியேற எதிர்ப்பக்க ஜன்னல் திறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அரை மணியில் அறை புழுங்கும். வாரம் ஒருமுறை தொட்டியைக் காலி செய்து தேய்த்துக் காயவைப்பதும் அவசியம். டெங்கு கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரைக் கூலரில் ஊற்றிப் பார்த்தார்கள். உப்புப் படிந்து பாய் கல்லாகிவிட்டது. இப்போது அது தரை துடைக்கப் போகிறது.

பெரியவர் மே மாதம் முழுவதும் கூலர் முன்னால் வெட்டிவேர் வாசனையில் நன்றாகவே தூங்கினார். ஜூன் கடைசியில் மழை வந்தது; கதை மாறியது. காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும்போது தண்ணீர் ஆவியாகாது. கூலர் வெறும் ஃபேன்தான். பெரியவருக்கு ரத்த அழுத்தம் உண்டு. இரண்டு இரவு தூக்கமில்லாமல் தவித்தபின், அவர் அறைக்கு மட்டும் ஒரு டன் ஏ.சி. தவணையில் வாங்கினார்கள். "கடைசியில் ஏ.சி.தானே!" என்று சிரித்தவர்கள் உண்டு. எனக்கு அதில் சிரிக்க ஒன்றும் தெரியவில்லை. அது ஓடியது ஆறு வாரம், ஒரு அறையில், இரவில் மட்டும். மீட்டரை நானே பார்த்தேன். அந்த மாதங்களிலும் காரின் மாதத் தவணைக்குப் பக்கத்தில்கூட வரவில்லை கரண்ட் பில்.

பெரியவருக்குச் சம்பள விஷயத்தில் இன்னும் சமாதானம் இல்லை. கார் இல்லாதது உறவினர்களுக்குத் தெரியக்கூடாது என்று மருமகளிடம் சொல்லியிருக்கிறார். ஆனால் மாலையில் பேத்தியும் மகனும் மாடியில் கறிவேப்பிலைச் செடிக்கு அரிசி களைந்த தண்ணீர் ஊற்றும்போது, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அவரும் மேலே போய்விடுகிறார்.

அந்த வாட் மீட்டர் இப்போது என்னிடம் சும்மாதான் இருக்கிறது. தங்கள் வீட்டில் அளந்து பார்க்க விரும்பும் அன்பர்கள் ஞாயிறு காலை சங்க நூலகத்தில் என்னிடம் பெற்றுக்கொள்ளலாம். ஒரு வாரத்தில் திருப்பித் தந்துவிட வேண்டும். கீஸரில் மட்டும் பரிசோதிக்க வேண்டாம். அதன் பெரிய பிளக் இதில் நுழையாது.