ஆறாத புண்ணுக்கு வயது தெரியாது

நாக்கின் ஓரத்தில் ஒரு புண். முப்பது வயதுக்காரர் அதை உடம்புச் சூடு என்பார். கூரான பல் உரசியது என்பார். மருந்துக் கடையில் வைட்டமின் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வார். புற்றுநோய் என்ற எண்ணமே எழாது. தலை, கழுத்துப் புற்றுநோயில் இளையோருக்கு முதல் ஆபத்து இந்தத் தாமதம்தான்.

இந்திய ஆண்களிடம் மிகுதியாகக் காணப்படுவது வாய்ப் புற்றுநோய். இளவயதில் வந்தால் அது மூர்க்கமாகப் பரவும் என்ற அச்சம் நெடுநாளாக உண்டு. ஆனால் ஒரே கட்டத்தில் கண்டறியப்பட்டு, ஒரே சிகிச்சை பெற்றவர்களை ஒப்பிட்ட பல ஆய்வுகளில் இளையோர் பின்தங்கவில்லை. அப்படியென்றால் பிழைப்பதைத் தீர்மானிப்பது எது?

முதலாவது, ஆழம். 3 செ.மீ. அகலமுள்ள நாக்குக் கட்டிகூட 10 மி.மீ.க்கு மேல் ஆழமாக இறங்கியிருந்தால், முற்றிய நோயாகவே கணக்கிடப்படும்.

இரண்டாவது, கழுத்து. அங்கே நோய் பரவி நெறி கட்டிவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகிறது. தொடக்கநிலை வாய்ப் புற்றுநோயாளிகளிடம் மும்பை டாடா நினைவு மருத்துவமனை நடத்திய ஆய்வு 2015இல் வெளியானது. முதல் அறுவையிலேயே கழுத்து நிணநீர்க் கணுக்களையும் அகற்றியவர்களில் 80 சதவீதத்தினர் மூன்றாண்டுக்குப் பிறகும் உயிரோடிருந்தனர். நெறி கட்டினால் மட்டும் அகற்றலாம் என்று காத்திருந்தவர்களில் அது 67.5 சதவீதம்.

மூன்றாவது, நோயின் காரணம். ஹெச்பிவி வைரஸால் வரும் தொண்டைப் புற்றுநோய் சிகிச்சைக்கு நன்கு கட்டுப்படும். புகைப்பழக்கம் இருந்தால் அந்தச் சாதகம் குறையும். நம் ஊரில் வாய்ப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் காரணமாவது குட்கா, மாவா, பாக்கு. புகையிலை சேராத வெற்றிலை பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இலேயே அறிவித்துவிட்டது.

நான்காவது, சிகிச்சையை முடிப்பது. அறுவைக்குப் பின் கதிர்வீச்சு தேவைப்பட்டால் ஆறு வாரத்துக்குள் தொடங்க வேண்டும். அதுவும் வாரக்கணக்கில் தொடரும். நடுவில் நாள் விட்டால் எஞ்சிய புற்றணுக்கள் மறுபடி பெருகும். விடுப்புக் கிடைக்காத வேலை, வீட்டுக் கடன், கைக்குழந்தை என்று இளையோர் பாதியில் நிறுத்துவதற்குக் காரணங்கள் ஏராளம். இங்கேதான் குடும்பமும் முதலாளியும் தோள்கொடுக்க வேண்டும். தமிழக முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சையும் அடங்கும்.

இரண்டு வாரத்தில் ஆறாத வாய்ப்புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, கழுத்தில் வலியில்லாத கட்டி, தெளியாத குரல் கரகரப்பு: இவற்றில் ஒன்று இருந்தாலும் வயதைப் பார்க்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.