அந்தமானில் வேலையா? கிளம்புமுன் சில வார்த்தைகள்

நம் சங்கத்துப் பிள்ளைகளில் இருவருக்கு இந்த ஆண்டு அந்தமானில் வேலை கிடைத்திருக்கிறது. ஒருவருக்கு மத்திய அரசு உத்தியோகம், இன்னொருவருக்குக் கட்டுமானக் கம்பெனியில். இருவர் வீட்டிலிருந்தும் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "குடும்பத்தோடு போகலாமா சார்?" பொங்கல் விழாவில் நின்றுகொண்டே பதில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. ஆகவே எழுதுகிறேன்.

ரயில்வேயில் வொர்க்ஸ் பிரிவில் 36 ஆண்டுகள் பணியாற்றி, 2017இல் ஓய்வு பெற்றேன். மறு வருடம் ஒரு காண்டிராக்டரிடம் சைட் இன்ஜினீயராகச் சேர்ந்து, 2018 முதல் 2021 வரை மனைவியுடன் போர்ட் பிளேயரில் இருந்தேன். 2024 செப்டம்பரில் அவ்வூருக்கு ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். நாங்கள் இருந்தபோது வழங்கிய பெயரையே இங்கே எழுதுகிறேன். ரயிலே இல்லாத ஊரில் ரயில்வேக்காரனுக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேலி செய்தார்கள். போர்ட் பிளேயரிலிருந்து வடக்கே டிக்லிபூர் வரை சுமார் 240 கி.மீ. பாதை போடுவதாக 2017இல் பேச்சு அடிபட்டது உண்டு. ஆனால் நான் போனது கட்டட வேலைக்கு.

வழியும் நேரமும்

சென்னையிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் கடல் வழியில் 1,200 கி.மீ. அளவில் தூரம். விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். கப்பலில் மூன்று நாள். கல்கத்தாக் கப்பல் கிதிர்பூர் டாக்கிலிருந்து கிளம்பும். ஹூக்ளியில் ஏற்ற நீர் வந்தால்தான் லாக் கேட் திறந்து வெளியே விடுவார்கள். எனவே கப்பலுக்கு டைம்டேபிள் என்பது ஒரு உத்தேசம்தான். வீட்டுச் சாமான்களைக் கப்பலில் அனுப்பிவிட்டு, குடும்பத்தோடு விமானத்தில் போவதே நல்லது.

போய் இறங்கியதும் முதலில் குழப்புவது கடிகாரம். நம் இந்திய நேரம் 82½ பாகைத் தீர்க்கரேகையைக் கொண்டு கணிக்கப்படுவது. போர்ட் பிளேயர் ஏறத்தாழ 92¾ பாகையில் இருக்கிறது. பாகைக்கு 4 நிமிடம் என்று பெருக்கிப் பாருங்கள்: சூரியன் 41 நிமிடம் முந்திக்கொள்கிறான். விடியற்காலை ஐந்து மணிக்கே வெளிச்சம் வந்துவிடும். டிசம்பரில் மாலை ஐந்தேகாலுக்கெல்லாம் விளக்கு ஏற்ற வேண்டும். சைட்டில் காலை ஆறரைக்கே ஆட்களை இறக்கிவிடுவேன். கல்கத்தாவில் இருந்து பழகிய நமக்கு இது பெரிய சிரமமில்லை. சென்னையிலிருந்து வந்தவர்கள்தான் ஒரு மாதம் தடுமாறினார்கள்.

உப்பும் மழையும்

ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மி.மீ. மழை. தென்மேற்குப் பருவமும் பெய்யும், வடகிழக்குப் பருவமும் பெய்யும். மே மாதம் பிடித்தால் டிசம்பர் வரை குடை கையை விட்டு இறங்காது. தோல் செருப்பில் பூஞ்சை பிடிக்கும், பீரோவில் வைத்த பட்டுப் புடவையில் புள்ளி விழும். என் மனைவி பீரோவுக்குள் சிறிய பல்பு ஒன்றை எரியவிட்டே புடவைகளைக் காப்பாற்றினாள்.

மழையைவிடக் கொடியது உப்புக் காற்று. சாதாரண இடத்தில் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிக்கு 20 மி.மீ. கவர் போதும். கடல் நீர்த்துளி தெறிக்கும் இடத்தில் 50 மி.மீ. வேண்டும் என்கிறது ஐ.எஸ். 456 விதி. அலை ஏறி இறங்கும் இடத்தில் அது 75. இந்த 50 மி.மீ. 35 ஆகக் குறைந்தால் யார் கண்ணிலும் படாது. சில வருடம் கழித்துக் கம்பி துருப்பிடித்து ஊதி, கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும்போதுதான் தெரியும். கவர் பிளாக் சரியாக இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்த பிறகே கான்கிரீட் போட அனுமதி கொடுப்பேன். சிமெண்டும் கம்பியும் கப்பலில் வர வேண்டும். கப்பல் தாமதமானால் வேலை நிற்கும். மூட்டை குடோனில் நாள்பட்டுக் கிடந்தால் சிமெண்டின் பலம் குறையும். கட்டட வேலைக்குப் போகும் தம்பி இதை நினைவில் வைத்துக்கொள்ளட்டும். இந்தத் தீவுகள் முழுவதும் பூகம்ப ஆபத்து மிகுந்த ஐந்தாம் மண்டலத்தில் அடங்கியவை என்பதையும் மறக்க வேண்டாம். 2004 டிசம்பர் 26 பூகம்பத்தில் நிலமே தாழ்ந்துபோனதால் ஊருக்கு அருகே சிப்பிகாட்டில் வயல்களுக்குள் கடல் நீர் புகுந்து நின்றுவிட்டது. வாடகைக்கு வீடு பார்க்கும்போது மேட்டில் பாருங்கள்.

வீட்டு நிர்வாகம்

இவ்வளவு மழை பெய்தும் கோடையில் தண்ணீர்த் தட்டுப்பாடு உண்டு. ஊருக்குக் குடிநீர் தருவது தனிக்காரி அணை. மார்ச், ஏப்ரலில் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறைதான் குழாயில் வரும். வாடகையைக் கேட்பதற்கு முன் "டேங்க் எத்தனை லிட்டர்?" என்று கேளுங்கள். மின்சாரம் பெரும்பாலும் டீசல் ஜெனரேட்டரில் உற்பத்தியாகிறது. அந்த டீசலும் கப்பலில்தான் வருகிறது.

தேங்காயும் மீனும் தாராளம். வஞ்சிரமும் சூரையும் அன்று பிடித்தது அன்றே கிடைக்கும். கீரை, வாழை, பூசணி உள்ளூரில் விளைகிறது. ஆனால் உருளைக்கிழங்கு, வெங்காயம், பருப்பு, புளி எல்லாம் கடல் கடந்து வருபவை. கப்பல் இரண்டு நாள் தாமதமானால் வெங்காய விலையில் தெரியும். பக்கத்து வீட்டில் ராமநாதபுரத்து அம்மா ஒருவர் இருந்தார், முப்பது வருஷமாக அங்கேயே குடியிருப்பவர். போன வாரமே என் மனைவிக்குப் பாடம் சொல்லிவிட்டார்: "கப்பல் வந்த மறுநாள் கடைக்குப் போம்மா. வாரக் கடைசியில போனா வாடினதுதான் கிடைக்கும்."

மொழியும் மனிதரும்

2011 கணக்கெடுப்பின்படி தீவுகளின் மக்கள்தொகை சுமார் 3.8 லட்சம். அதில் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைந்து பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். அபர்தீன் பஜாரில் தமிழிலேயே பேசி எல்லாம் வாங்கிவிடலாம். முருகன் கோயில் இருக்கிறது, பங்குனி உத்திரத்தில் காவடி எடுக்கிறார்கள். தமிழ்வழிப் பள்ளிகளும் உண்டு. பிழைப்புக்காக வந்தவர்கள் மட்டுமல்ல, 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கை மலையகத்திலிருந்து திரும்பியவர்களில் சில குடும்பங்களையும் நிக்கோபார் பகுதியில் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தினார்கள். சுனாமியில் அந்தத் தீவு பட்ட பாடு கொஞ்சமல்ல.

ஆனால் எல்லோருக்கும் பொதுவான பேச்சு இந்திதான். வங்காளிகள், தெலுங்கர்கள், ராஞ்சிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள், பழைய கைதிகளின் வம்சத்தார் எல்லோரும் ஒருவரோடொருவர் இந்தியில் பேசிக்கொள்வார்கள். நம் பிள்ளைகளுக்கு இன்னொரு வசதி, வங்காளி தெரியும். பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் அங்கே நிறையப் பேர். ஒரு முறை டிக்லிபூரில் சரளைக்கல் விலை படியவில்லை. வங்காளியில் பேச ஆரம்பித்ததும் முதலில் டீ வந்தது, பிறகு விலையும் இறங்கியது.

டிக்லிபூர் சாலையில் ஜிர்காதாங்கிலிருந்து மிடில் ஸ்ட்ரெய்ட் வரை ஜராவா பழங்குடியினரின் காடு. வண்டிகளைக் கான்வாயாகத்தான் விடுவார்கள். நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, தின்பண்டம் கொடுக்கக் கூடாது. சட்டத்துக்காக மட்டும் அல்ல, வெளியார் கொண்டுவரும் நோயைத் தாங்கும் சக்தி அவர்கள் உடம்புக்கு இல்லை. பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

தூரம் என்பது எது?

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். 2019 ஆடி மாதம் என் மாமியார் கும்பகோணத்தில் காலமானார். செய்தி வந்தபோது பிற்பகல் ஆகிவிட்டது. அந்நாளில் விமானங்கள் பெரும்பாலும் பகலிலேயே வந்து போய்விடும். அன்று சென்னைக்குப் போக வழியில்லை. மறுநாள் மழையில் விமானம் தாமதம். நாங்கள் வீடு போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. திரும்பி வந்த பின் ஒரு நாள், "கல்கத்தாவில் இருந்திருந்தாலும் கோரமண்டலில் இருபத்தேழு மணி நேரம் ஆகியிருக்குமே" என்றேன் ஆறுதலாக. அவள் சொன்னாள்: "அப்படியில்லீங்க. ரயில்னா ஏறி உட்கார்ந்திடலாம். போய்க்கிட்டிருக்கோம்னு மனசுக்குத் தெரியும். இங்க கிளம்பவே முடியலியே."

தீவு வாழ்க்கையின் முழுக் கணக்கும் அதில் அடங்கியிருக்கிறது. தூரத்தைக் கிலோமீட்டரில் அளக்கக் கூடாது, நினைத்தபோது கிளம்ப முடிகிறதா என்று அளக்க வேண்டும். இப்போது சில வசதிகள் கூடியிருக்கின்றன. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து சுமார் 2,300 கி.மீ. கடலடிக் கேபிள் வந்த பிறகு வீடியோவில் ஊர் முகங்களைத் தடையின்றிப் பார்க்க முடிகிறது. அதற்கு முன் ஒரு போட்டோ அனுப்பவே பாதி நாள் ஆகும். 2023இல் விமான நிலையத்துக்குப் புதிய முனையம் கட்டிவிட்டார்கள். மருத்துவக் கல்லூரியும் 2015 முதல் நடக்கிறது. ஆனாலும் சிக்கலான வைத்தியத்துக்குச் சென்னைக்கோ கல்கத்தாவுக்கோ வரவேண்டியிருக்கும்.

ஆகவே என் யோசனை இது. சிறு குழந்தைகள் உள்ள இளம் தம்பதிகள் தாராளமாகப் போகலாம். காற்று சுத்தம், கூட்டம் இல்லை, பிள்ளைகள் நீந்தக் கற்றுக்கொள்வார்கள். பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளைகள் இருந்தால் அந்த ஒரு வருடம் பொறுத்துப் போங்கள். வீட்டில் வயதான பெற்றோர் இருந்தால், அவசரத்துக்கு உடனே ஓடி வரக்கூடிய தம்பியோ தங்கையோ அருகில் இருக்கிறார்களா என்பதை முதலில் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். திடீர்ப் பயணத்துக்கென்று இரண்டு பேர் விமானக் கட்டணத்தைத் தனியாக வங்கியில் போட்டு, அதைத் தொடாமல் வையுங்கள். சம்பளத்தில் தீவுப்படி எவ்வளவு என்று எல்லோரும் விசாரிக்கிறார்கள். ஊரில் அம்மாவைப் பார்த்துக்கொள்ள யார் என்பதை அதற்கு முன்னால் விசாரியுங்கள்.