கைத்தடையின் காவல்

சிம்லா போன்ற மலை நகரங்களில் சாலைகள் பெரும்பாலும் சரிவானவை. அங்கு நிறுத்தப்படும் மகிழுந்தைப் புவியீர்ப்பு விசை கீழ்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். கால் பிரேக், மிதித்திருக்கும் வரையில்தான் சக்கரங்களைப் பிடித்திருக்கும். ஹேண்ட் பிரேக் எனப்படும் கைத்தடையோ, பெரும்பாலான மகிழுந்துகளில் எஃகுக் கம்பிவடத்தின் வழியே பின்சக்கரங்களை இறுகப் பற்றும். ஓட்டுநர் இறங்கிச் சென்ற பின்னும் விடாது.

வண்டியைக் கியரில் நிறுத்தினால் போதாதா? அது துணை மட்டுமே. செங்குத்தான சரிவில் வண்டி நழுவக்கூடும். மெல்ல உருளும் மகிழுந்தின் எடையும் ஏறத்தாழ ஆயிரம் கிலோ. அதன் பின்னே விளையாடும் குழந்தையால் அதனைத் தடுக்க இயலுமா? ஆகவேதான், எஞ்சினை நிறுத்தி, பிரேக் இட்டோ பிற வழியிலோ வண்டி தானே நகராதவாறு செய்த பின்னரே பொது இடத்தில் அதனை விட்டுச் செல்லலாம் என்கிறது 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம்.