சிதறிய தரவுகளும் நகரக் குடிநீரும்: பிளின்ற் நகர அனுபவம் பற்றிய சில குறிப்புகள்

நகரமொன்றின் குடிநீர் பற்றிய அறிவு ஓரிடத்திலே திரண்டு கிடப்பதன்று. குழாய் எவ்வுலோகத்தாலானது என்பது பொறியியற் பகுதியின் பதிவுகளில் இருக்கும். நீரின் இரசாயன இயல்பு சுத்திகரிப்பு நிலையத்தின் ஏட்டிலும், வீட்டின் வயது வரிமதிப்பீட்டுப் பகுதியிடமும், அந்நீரைக் குடித்த குழந்தையின் உடல்நிலை மருத்துவமனையிலும் இருக்கும். குடிமக்களின் முறைப்பாடுகளோ பெரும்பாலும் எவரும் புரட்டாத கோவைகளிற் கிடக்கும். இவற்றை ஒன்றோடொன்று பொருத்தி நோக்குதலையே இன்று தரவு ஒருங்கிணைப்பு என்கின்றனர். அது கணினித் தொழினுட்பத்தின்பாற்பட்ட விடயமாகவே பொதுவிற் கருதப்படுகின்றது. தொழினுட்பப் பிரச்சினையாவதற்கு முன்னரே அது சமூகப் பிரச்சினையாக உள்ளது என்பதை, ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துப் பிளின்ற் நகர அனுபவத்தைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1

இப்பிரச்சினை புதியதன்று. 1854ஆம் ஆண்டு இலண்டனிற் கொலரா பரவியபோது, மருத்துவர் ஜோன் ஸ்னோ நகரின் தென்பகுதியில் ஓர் ஆய்வினை மேற்கொண்டார். இறந்தோரின் முகவரிகள் பதிவாளர் நாயகத்தின் அலுவலகத்திற் கிடைத்தன. ஆனால், எவ்வீட்டிற்கு எக்கம்பனி நீர் வழங்கியது என்பதை அவரே தேடிக் காணவேண்டியிருந்தது. போட்டியிட்ட இரு தனியார் கம்பனிகள் ஒரே தெருவிற் குழாய்களைப் பதித்திருந்தன. கட்டணத்தைப் பெரும்பாலும் வீட்டுச் சொந்தக்காரரே செலுத்தியமையால், வாடகைக்கிருந்தோர் பலருக்குத் தாம் குடிப்பது எவருடைய நீர் என்பதே தெரிந்திருக்கவில்லை. ஸ்னோ வீடுவீடாகச் சென்று வினவினார். விடை கிட்டாதவிடத்து நீரிலுள்ள உப்பின் அளவைச் சோதித்துக் கம்பனியை இனங்கண்டார். இரு பட்டியல்களும் பொருத்தப்பட்டபோது, முதல் ஏழு வாரங்களில், கழிவு கலந்த தேம்ஸ் நீரை வழங்கிய சதர்க்-வொக்ஸ்ஹோல் கம்பனியின் 10,000 வீடுகளுக்கு 315 பேரும், மேலாற்றிலிருந்து நீரெடுத்த லாம்பெத் கம்பனியின் 10,000 வீடுகளுக்கு 37 பேரும் இறந்தமை புலனாயிற்று.

தனித்திருந்தபோது மௌனமாயிருந்த இரு பட்டியல்கள் சேர்ந்தபோது சாட்சியாக மாறின. எனினும் இலண்டனின் நீர்வழங்கல் தனியார் கைகளிலிருந்து பொதுச்சபையொன்றிற்கு மாறியது 1902ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே. உண்மை நிறுவப்படுதல் வேறு. அது செயலாதல் வேறு.

2

பிளின்ற், ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம் 1908இல் தோன்றிய நகரம். 1936-37இல் தொழிலாளர் ஆலைக்குள்ளேயே அமர்ந்து நடத்திய வேலைநிறுத்தத்தால் உலகத் தொழிற்சங்க வரலாற்றில் இடம்பெற்ற நகரம். 1970களின் இறுதியில் ஏறத்தாழ 80,000 பேர் அந்நிறுவனத்தின் கீழ் அங்கு வேலை செய்தனர். பின்னர் மூலதனம் வேறிடம் நாடிச் சென்றது. எஞ்சிய ஏறத்தாழ ஒரு இலட்சம் மக்களிற் பெரும்பான்மையோர் கறுப்பினத்தவர். பத்தில் நால்வர் வறுமைக்கோட்டின் கீழ் வாழ்ந்தனர். வருமானமிழந்த நகரின் ஆட்சி, 2011 முதல் மாநில ஆளுநர் நியமித்த அவசரகால முகாமையாளர்களின் கைக்கு மாறியது. தெரிவுசெய்யப்பட்ட சபை பெயரளவில் எஞ்சியது.

2014 ஏப்பிரல் 25இல், செலவைக் குறைக்கும் பொருட்டு, டிற்றோயிற் நகரிலிருந்து பெற்றுவந்த நீர் நிறுத்தப்பட்டுப் பிளின்ற் ஆற்று நீர் வழங்கப்படலாயிற்று. குழாய் அரிப்பைத் தடுக்கும் பொஸ்பேற்று அந்நீரிற் சேர்க்கப்படவில்லை. பழைய ஈயக் குழாய்களின் உட்புறத்திற் படிந்திருந்த காப்புப்படை கரைந்தது. ஈயம் நீரிற் கலந்தது.

இனி நிகழ்ந்தவற்றை அவை பதிவான இடங்களோடு சேர்த்து நோக்குவோம். நிறமும் நாற்றமும் பற்றிய முறைப்பாடுகள் நகரசபையிற் குவிந்தன. அவ்வாண்டு ஒக்டோபரில், எந்திர உறுப்புகளை நீர் அரிப்பதாகக் கண்ட ஜெனரல் மோட்டோர்ஸ் தன் ஆலைக்கு வேறு நீரைப் பெற்றுக்கொண்டது. லீஜனேயர் நோய் பரவிக் குறைந்தது 12 பேர் மாண்டனர். அச்செய்தி 2016 சனவரி வரை பொதுமக்களுக்கு அறிவிக்கப்படவில்லை. நீர்ச் சோதனையைப் பொறுத்தவரை, சட்டப்படி ஈயக் குழாயுள்ள வீடுகளிலிருந்தே மாதிரிகள் எடுக்கப்படவேண்டும். எவ்வீட்டில் ஈயக் குழாய் உள்ளது என்பதை நகரமே அறியாதிருந்தது. 2015இல் இரு மாதிரிகள் கணக்கிலிருந்து நீக்கப்பட்டமையால், நூறு கோடிக்கு 15 பங்கு என்ற எல்லைக்குட் பெறுபேறு அடங்கியது.

இச்செய்திகள் ஒவ்வொன்றும் ஓர் அலுவலகத்தின் இழுப்பறைக்குள் அடங்கின. தம் எந்திரங்களுக்கு ஒவ்வாத நீரை மறுக்கும் ஆற்றல் ஆலைக்கு இருந்தது. தம் குழந்தைகளுக்கு ஒவ்வாத நீரை மறுக்கும் ஆற்றல் மக்களுக்கு இருக்கவில்லை. 2015 மார்ச்சில் நகரசபை, பழைய நீருக்கு மீளவேண்டுமென ஏழுக்கு ஒன்று என்ற வாக்குகளால் தீர்மானித்தது. முகாமையாளர் அதனை ஏற்கவில்லை.

3

அரணை உடைத்தது ஓர் ஒப்பீடு. வேர்ஜீனியா ரெக் பல்கலைக்கழகத்தின் மாக் எட்வேட்ஸ் குழுவினர், நகரமக்களோடு இணைந்து குழாய்நீரில் மிகுந்த ஈயம் உள்ளமையைக் காட்டினர். அதனையடுத்துக் குழந்தை மருத்துவரான மோனா ஹன்னா-அற்றிஷா, தமது மருத்துவமனையிற் பதிவாகியிருந்த 1,473 சிறுவரின் குருதிச் சோதனைகளை நீர்மாற்றத்திற்கு முன், பின் என வகுத்து ஆராய்ந்தார். ஐந்து வயதிற்குட்பட்டோரில் உயர் ஈய அளவு கொண்டோர் 2.4 சதவீதத்திலிருந்து 4.9 சதவீதமாயினர். 2015 செப்டெம்பர் 24இல் இவ்வாய்வின் தொடக்கப் பெறுபேறு வெளியிடப்பட்டது. முதலில் மறுத்த மாநில அதிகாரிகள் பின்னர் ஏற்றனர். ஒக்டோபர் 16இல் பழைய நீர் மீண்டும் வந்தது.

இவ்விடத்து நாம் ஊன்றி நோக்கவேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. மாநிலத்திடமும் குருதிச் சோதனைத் தரவுகள் இருந்தன. ஆனால் அவை தபாற் குறியீட்டு வலயங்களின்படி நோக்கப்பட்டன. பிளின்ற் என்ற பெயர் தாங்கிய அவ்வலயங்கள் நகர எல்லையைக் கடந்து விரிபவை. புவியியலாளர் றிச்சட் சட்லர் காட்டியவாறு, அம்முகவரிகளில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் நகரின் நீரைப் பெறாதவர்கள். நஞ்சு குடியாதோர் குடித்தோரோடு சேர்த்து எண்ணப்பட்டமையால் உயர்வு மங்கித் தோன்றியது. வீட்டு முகவரியை நீர்வழங்கல் எல்லையோடு பொருத்தியபோதே உண்மை துலங்கியது. எனவே தரவுகளைக் குவித்தல் வேறு, இணைத்தல் வேறு. எந்த அலகின்மேல் இணைக்கிறோம் என்பதே முடிவைத் தீர்மானிக்கின்றது. தபாற்காரரின் வசதிக்காக வகுக்கப்பட்ட எல்லை நோயின் எல்லையாகாது.

4

அடுத்து எழுந்த வினா, ஈயக் குழாய்கள் எங்கே என்பது. நகரின் பதிவுகள் ஏறத்தாழ 45,000 சுட்டி அட்டைகளிலும், கையாற் குறிப்பெழுதப்பட்ட பழைய வரைபடங்களிலும் கிடந்தன. அங்குள்ள பல்கலைக்கழகத்தினர் அவற்றைக் கணினியில் ஏற்றினர். எனினும் ஆயிரக்கணக்கான வீடுகளுக்குப் பதிவே இல்லை. இருந்த பதிவுகளும் நிலத்தை அகழ்ந்து பார்த்தபோது பலவிடத்துப் பொய்த்தன. ஏட்டுச்சுவடிகளோடு பழகியோர்க்கு இது வியப்பளிக்காது. சி. வை. தாமோதரம்பிள்ளை, உ. வே. சாமிநாதையர் முதலியோர் எந்தவோர் ஏட்டையும் தனித்து நம்பினாரல்லர். பல ஏடுகளை ஒப்புநோக்கியே பாடத்தை நிறுவினர். நகரத்தின் அட்டையும் ஓர் ஏடே. எழுதியவனின் கவனமும் கவனக்குறைவும் அதிற் கலந்துள்ளன.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேக்கப் அபர்நெதி, எரிக் ஸ்வாட்ஸ் ஆகியோர் இதே முறையையே கணினி கொண்டு செய்தனர் எனலாம். வீடு கட்டப்பட்ட ஆண்டு, பெறுமதி, அமைவிடம், பழைய பதிவு, அகழ்வின் பெறுபேறு ஆகியவற்றை இணைத்து, ஒவ்வொரு வீட்டிலும் ஈயக் குழாய் இருக்கும் நிகழ்தகவைக் கணித்தனர். 2017இல் சோதிக்கப்பட்ட 8,833 வீடுகளில் 6,228இல், அதாவது 70 சதவீதத்தில், மாற்றவேண்டிய குழாய்கள் இருந்தன. 2018இற் பணியின் பொறுப்பு வேறொரு பெரும் நிறுவனத்திற்கு மாறியது, மாதிரியுரு கைவிடப்பட்டது. திசெம்பர் நடுப்பகுதிவரை சோதிக்கப்பட்ட 10,531 வீடுகளில் 1,567இல் மட்டுமே அவ்வாறான குழாய்கள் காணப்பட்டன, 15 சதவீதம். ஆபத்துள்ள வீடுகள் காத்திருக்க, செப்புக் குழாய்களைக் காண்பதற்காகத் தெருக்கள் தோண்டப்பட்டன. 2019இல் நீதிமன்ற உடன்பாட்டின்வழி மாதிரியுரு மீண்டும் கைக்கொள்ளப்பட்டது.

இதனை அறியாமையின் விளைவென்று மட்டும் தள்ளிவிடுதல் பொருந்தாது. அயல்வீட்டைத் தோண்டியவர்கள் தம் வீட்டைக் கடந்து செல்வதேன் என்று மக்கள் வினவினர். நீர் பாதுகாப்பானதென்று பதினெட்டு மாதங்கள் பொய்யுரைக்கப்பட்ட மக்கள், உமது வீட்டில் ஈயம் இருப்பதற்கு வாய்ப்புக் குறைவு என்று ஒரு கணிப்பு கூறுவதை எங்ஙனம் நம்புவர்? நம்பிக்கை அழிந்தவிடத்து நல்ல கணக்கும் பயன்படாது.

5

மேற்கூறியவற்றிலிருந்து மூன்று முடிவுகளை வருவிக்கலாம். முதலாவது, தரவுகள் தற்செயலாகச் சிதறுவதில்லை. பொறுப்புக்கள் பிரிக்கப்பட்டவாறே அவையும் பிரிந்து கிடக்கின்றன. இரண்டாவது, இணைப்பின் அலகு மக்களின் உண்மையான வாழ்நிலையிலிருந்து, அதாவது எக்குழாயிலிருந்து எவர் குடிக்கிறார் என்பதிலிருந்து, எழவேண்டும். மூன்றாவது, இணைக்கப்பட்ட அறிவு பொதுமக்கள் பார்வைக்கும் வினாவிற்கும் உட்பட்டதாய் இருத்தல் வேண்டும்; அல்லாவிடின் அது மற்றுமோர் அதிகாரக் கருவியாகவே முடியும்.

ஐக்கிய அமெரிக்காவின் நீர்வழங்கல் அமைப்புகள் தம் இணைப்புக் குழாய்களின் பட்டியலை 2024 ஒக்டோபர் 16இற்குள் தயாரிக்கவேண்டுமெனச் சட்டம் விதித்தது. பிளின்றில் ஏறத்தாழ 11,000 குழாய்கள் மாற்றப்பட்டுப் பணி நிறைவுற்றதாக 2025 சூலையில் அறிவிக்கப்பட்டது. ஆனால் குழந்தையின் உடலிற் புகுந்த ஈயத்தின் தீங்கைக் குழாயை மாற்றி அகற்ற முடியாது. பதினெட்டு மாதங்களாக அவ்வறிவு நகரில் இல்லாமலிருக்கவில்லை, துண்டுதுண்டாக இருந்தது. அத்துண்டுகளைச் சேர்க்கும் கடமை எவருக்கு, சேர்க்கப்பட்டதைக் கேட்கும் உரிமை எவருக்கு என்ற வினாக்களை விடுத்துக் கணினிகளை மட்டும் வாங்கிக் குவிக்கும் நகரசபை எதுவாயினும், பிளின்றின் பாடத்தைக் கற்றதாகக் கொள்ள முடியாது.