முதல் வாசிப்பு எந்த மொழியில்?

மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டனுக்கு ஏறும் பாதையில் தேயிலைத் தோட்டங்களும் சிங்களக் கிராமங்களும் அடுத்தடுத்து வருகின்றன. வீட்டு மொழி தமிழானாலும் சிங்களமானாலும், பிள்ளைக்கு ஆங்கிலம் வர வேண்டும் என்பதே பெற்றோரின் ஆசை. அந்த ஆசை நியாயமானது. ஆனால் முதலாம் தரத்திலிருந்தே எல்லாப் பாடங்களையும் ஆங்கிலத்தில் மட்டும் நடத்துவது அதை நிறைவேற்றாது.

நாட்டின் ஏற்பாடு என்ன?

ஆங்கிலேயர் காலத்தில் ஆங்கிலப் பாடசாலைகள் கட்டணம் வாங்கின. தமிழ், சிங்களப் பாடசாலைகள் இலவசம். உயர்ந்த உத்தியோகம் ஆங்கிலம் படித்தவர்களுக்கே போனது. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா தலைமையிலான குழு, 1943ஆம் ஆண்டு அறிக்கையில், ஆரம்பக் கல்வி தாய்மொழியில் அமைய வேண்டும் என்றது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 21ஆவது உறுப்புரை, தமிழிலோ சிங்களத்திலோ கல்வி பெறும் உரிமையை அளிக்கிறது. அரச பாடசாலைகளில் ஆங்கில மொழி மூலம் பொதுவாக 6ஆம் தரத்திலிருந்தே வருகிறது. தொடக்கத்திலிருந்தே ஆங்கிலம் என்பது, கம்பனிச் சட்டத்தின் கீழ்ப் பதிவாகும் சர்வதேச பாடசாலைகளின் வழி.

வகுப்பில் நடப்பது என்ன?

எழுத்துக்கூட்டி வாசிக்கும் சொல் ஏற்கெனவே காதில் விழுந்ததாக இருந்தால், பொருள் உடனே பிடிபடும். கேட்டறியாத சொல்லானால் ஒலி மட்டுமே மிஞ்சும். கழித்தல் நன்றாகத் தெரிந்த பிள்ளையும் ஆங்கிலத்தில் உள்ள கேள்வி விளங்காமல் பிழை விடும். அதைக் கணக்கில் பலவீனம் என்று ஆசிரியர் எண்ணிவிடுவார். கரும்பலகையைப் பார்த்து எழுதி எழுதிக் கொப்பி நிறையும். சந்தேகம் கேட்க மொழி இல்லாததால் பிள்ளை வாய் திறக்காது. வீட்டுப்பாடத்தில் தாயாலும் உதவ முடியாது.

இரண்டாம் மொழியில் அன்றாடப் பேச்சு ஏறத்தாழ 2 ஆண்டுகளில் கைகூடும் என்றும், பாடம் படிப்பதற்கான மொழித்திறனுக்கு 5 முதல் 7 ஆண்டுகள் தேவை என்றும் கனடிய ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் காட்டினார். சரளமாகப் பேசும் பிள்ளைக்குப் பாடமும் புரிகிறது என்று நாம் நம்பிவிடுவது இந்த இடைவெளியில்தான்.

ஆங்கிலம் பின்தங்கிவிடாதா?

நைஜீரியாவின் இஃபேயில் 1970இல் தொடங்கிய திட்டத்தில், பிள்ளைகள் ஆரம்பக் கல்வியின் ஆறு ஆண்டுகளும் தம் வீட்டு மொழியான யொரூபாவில் படித்தார்கள். ஆங்கிலம் தனிப் பாடம். அதற்கென்றே பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் இருந்தார்கள். ஆங்கிலத்திலும் அந்தப் பிள்ளைகள் பின்தங்கவில்லை.

என்ன செய்யலாம்?

வாசிப்பும் கணக்கும் வீட்டு மொழியில் வேரூன்றட்டும். ஆங்கிலத்தை முதலாம் தரத்திலிருந்தே பேச்சாகவும் பாட்டாகவும் நாள்தோறும் பழக்கலாம். ஆங்கில மொழி மூல வகுப்பாகவே இருந்தாலும், ஒரே மொழிப் பிள்ளைகள் தமக்குள் பேசிப் புரிந்துகொள்ளத் தடை கூடாது. அதற்குத் தண்டனை அறவே கூடாது. மலைநாட்டுப் பெற்றோர் உரத்துக் கேட்க வேண்டியது, தோட்டப் பாடசாலை ஒவ்வொன்றுக்கும் பயிற்சி பெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவரை. பாட மொழியை மாற்றுவதால் ஆசிரியர் இல்லாத குறை தீராது.